டிக்கெட் பட்டியலுக்குள் ஏஐ உதவியாளர்: வாசகர் கேள்வி – பதில்

நெல்லை, தென்காசி வட்டாரத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்கின்றன. அலுவலகத்தில் பக் (நிரல் பிழை), புகார், வேலைப் பட்டியல் எல்லாம் டிக்கெட் அல்லது இஷ்யூ என்ற பெயரில் கிடக்கும் இஷ்யூ டிராக்கரோடு கிளாட், சாட்ஜிபிடி போன்ற ஏஐ உதவியாளரை எப்படி இணைப்பது? இணைத்தபின் எது கெடும்? அதனால் இந்த இதழின் பக்கங்களை முழுக்க அதற்கே கொடுத்திருக்கிறோம்.

எட்டுப் பேர் உள்ள சிறிய நிறுவனம் எங்களுடையது. அரிசி ஆலைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் பில்லிங் மென்பொருள் செய்கிறோம். புகார்கள் நிரல் சேமிக்கும் தளமான கிட்ஹப்பின் இஷ்யூஸ் பகுதியில் இருக்கின்றன. "இந்த வாரம் என்னென்ன வந்தது" என்று கேட்டால் ஏஐயே பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கே ஆரம்பிப்பது, அண்ணாச்சி?
– வாசகர், வண்ணார்பேட்டை

நீங்கள் பேசும் உதவியாளர் ஒரு பக்கம், உங்கள் டிராக்கர் மறுபக்கம். நடுவே ஓர் இணைப்பி தேவை. இந்த நடுத்துண்டுக்கு இப்போது பொது வழக்காகிவிட்டது மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால், சுருக்கமாக எம்சிபி. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் திறந்த தரநிலையாக வெளியிட்டது. பிற ஏஐ நிறுவனங்களும் பின்னர் ஏற்றுக்கொண்டன. எம்சிபி சர்வர் என்பது ஒரு சிறு நிரல். "இஷ்யூக்களைப் பட்டியலிடு", "இந்த எண்ணுள்ள இஷ்யூவைக் கொடு", "கமெண்ட் போடு" என்று தன்னால் முடிந்த வேலைகளை உதவியாளருக்கு அறிவிக்கும். இவற்றை டூல் என்பார்கள். எந்த டூலை எந்த விவரத்தோடு அழைப்பது என்பதை உதவியாளரின் மூளையான மாடல் தீர்மானிக்கும். அழைப்பை நிறைவேற்றுவது சர்வர். மாடல் உங்கள் டிராக்கரை நேரடியாகத் தொடுவதில்லை. சர்வரிடம் எந்தச் சாவி இருக்கிறதோ, அந்தச் சாவியால் முடிந்தது மட்டும்தான் நடக்கும். இந்தப் பக்கங்களில் நாங்கள் சொல்லப்போகிற பலவும் இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

கிட்ஹப்புக்கு அந்த நிறுவனமே எம்சிபி சர்வர் தருகிறது. அவர்கள் இணையத்தில் நடத்தும் சர்வரில் உள்நுழைந்து இணைக்கலாம், அல்லது நிரலைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் மென்பொருள் கொண்டு உங்கள் கணினியிலேயே ஓட்டலாம். முதல் தடவைக்கு டாக்கர் வழி நல்லது. எந்தச் சாவி, எந்த அனுமதி என்பது உங்கள் கண்முன்னே இருக்கும்.

முதலில் சாவி; கிட்ஹப்பில் அதன் பெயர் டோக்கன். கிட்ஹப் செட்டிங்ஸில் டெவலப்பர் செட்டிங்ஸ், அதற்குள் பெர்சனல் ஆக்சஸ் டோக்கன்ஸ், அதற்குள் ஃபைன்-கிரெயின்ட் வகை. கிளாசிக் வகையை எடுக்காதீர்கள். அதில் தனியார் களஞ்சியத்தை (நிரலும் இஷ்யூக்களும் இருக்கும் ரெப்போசிட்டரி) படிக்க வேண்டுமென்றால் 'ரெப்போ' என்ற அனுமதியை டிக் செய்தாக வேண்டும். அது உங்கள் கைக்கு எட்டும் எல்லாக் களஞ்சியங்களிலும் எழுதும் உரிமையையும் சேர்த்தே கொடுத்துவிடும். ஃபைன்-கிரெயின்ட் பக்கத்தில் 'ரிசோர்ஸ் ஓனர்' என்ற இடத்தில் உங்கள் சொந்தக் கணக்கை விட்டுவிட்டு நிறுவனத்தின் ஆர்கனைசேஷனைத் தேர்ந்தெடுங்கள். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்: சொந்தக் கணக்கின் பெயரில் எடுத்த டோக்கனுக்கு நிறுவனத்தின் தனியார் களஞ்சியம் கண்ணில் படாது. ஆர்கனைசேஷன் பொறுப்பாளரின் ஒப்புதல் நிலுவையில் இருந்தாலும் இதே கதைதான். அடுத்து, குறிப்பிட்ட களஞ்சியம் மட்டும் என்ற தேர்வு. அனுமதிகளில் 'இஷ்யூஸ்' மட்டும், அதுவும் படிக்க மட்டும். மெட்டாடேட்டா படிக்கும் அனுமதி தானாகச் சேர்ந்துகொள்ளும். காலாவதியை 90 நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். டோக்கன் திரையில் ஒரே ஒரு தடவைதான் தெரியும். உடனே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். அது இருக்கும் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிரலோடு சேர்த்துக் களஞ்சியத்தில் ஏற்றிவிடாதீர்கள்.

அதன்பின் சர்வர். டூல்செட் என்ற அமைப்பில் 'இஷ்யூஸ்' மட்டும் கொடுங்கள், 'படிக்க மட்டும்' என்ற ரீட்-ஒன்லி கொடியையும் (கட்டளையோடு சேர்க்கும் தேர்வு) போடுங்கள். சாவியே படிக்க மட்டும்தானே, இது எதற்கு என்று தோன்றலாம். நாளைக்கு யாராவது அவசரத்தில் பெரிய சாவியை மாற்றி வைத்தாலும் எழுதும் டூல்கள் மாடலுக்குத் தெரியாமலே இருக்கும் என்பதற்காக.

இணைத்ததும் விடை தெரிந்த கேள்விகளையே கேட்டுப் பாருங்கள். திறந்திருக்கும் இஷ்யூ எத்தனை என்று கேட்டு, கிட்ஹப் திரையில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். சரியாக 30 அல்லது 100 என்று பதில் வந்தால் சந்தேகப்படுங்கள்: கிட்ஹப்பின் ரெஸ்ட் ஏபிஐ (நிரல்கள் அதனோடு பேசும் வாசல்) ஒரு பக்கத்துக்கு இயல்பாக 30, அதிகபட்சம் 100 கொடுக்கும், மாடல் முதல் பக்கத்தோடு நின்றிருக்கும். அந்த ஏபிஐயை வைத்துச் சொந்தமாக இணைப்பி எழுதினால் எண் கூடுதலாகவும் வரலாம். அதில் இஷ்யூ பட்டியலுக்குள் புல் ரிக்வெஸ்ட்களும் (நிரல் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கைகள்) கலந்தே வரும். 'புல் ரிக்வெஸ்ட்' என்ற புலம் இருப்பவற்றைத் தள்ளிவிட வேண்டும். களஞ்சியம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், ஆனால் 404 வருகிறது என்றால் பெயரில் பிழை தேடுவதற்கு முன்னால் அனுமதியைப் பாருங்கள். அனுமதியில்லாத தனியார் களஞ்சியத்தை "இல்லை" என்றே கிட்ஹப் சொல்லும்.

கான்ஃபிக் கோப்பில் எல்லாம் எழுதியாயிற்று. ஆனால் செயலியைத் திறந்ததும் "சர்வர் துண்டிக்கப்பட்டது" என்று வருகிறது. கையால் ஓட்டினால் ஒழுங்காக ஓடுகிறது.
– வாசகர், அம்பாசமுத்திரம்

கையால் ஓடுகிறது, செயலி வழியாக ஓடவில்லை என்றால் காரணம் அநேகமாகச் சூழலில் இருக்கும். செயலி உங்கள் டெர்மினலின் பாத் அமைப்பை (நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) பார்ப்பதில்லை; நோட், பைத்தான், டாக்கர் எதுவானாலும் கோப்பின் முழு முகவரியைக் கொடுங்கள். டாக்கர் என்றால் ஓட்டும் கட்டளையில் '-i' கொடி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் உள்ளீட்டுக் குழாய் மூடிக்கொள்ளும், சர்வரும் உடனே முடிந்துவிடும். கான்ஃபிக் கோப்பு ஜேசன் என்ற தரவு வடிவத்தில் இருக்கும்; விண்டோஸில் முகவரியின் பின்சாய்கோட்டை அதில் இரட்டையாக எழுத வேண்டும். கடைசி வரிக்குப் பின் மிஞ்சி நிற்கும் ஒரு காற்புள்ளி போதும், முழுக் கோப்பும் செல்லாமல் போக.

நீங்களே எழுதிய சர்வர் என்றால் இன்னொன்று. உள்ளூரில் ஓடும் எம்சிபி சர்வர் நிரலின் வழக்கமான வெளியீட்டுக் குழாயான ஸ்டாண்டர்ட் அவுட்புட் வழியாகத்தான் செய்தி அனுப்புகிறது. சோதனைக்காக ஒரு பிரிண்ட் வரியைப் போட்டிருந்தால் அந்த வாசகமும் செய்திகளோடு கலந்து பேச்சைக் கெடுத்துவிடும். பதிவு வரிகளை எல்லாம் பிழைகளுக்கான தனிக் குழாயான ஸ்டாண்டர்ட் எரருக்குத் திருப்புங்கள். மாற்றம் செய்தபின் செயலியின் சன்னலை மூடினால் மட்டும் போதாது, முழுக்க வெளியேறித் திறக்க வேண்டும்.

பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு எடுத்துச் செய்கிறோம். புகார்களெல்லாம் அலுவலகத்துச் சர்வரில் உள்ள ரெட்மைன் என்ற டிராக்கரில். வெளி இணையத்திலிருந்து அதைத் தொட முடியாது. ஆனி, ஆடியில் காற்று ஏறிவிட்டால் வரும் டிக்கெட்டைப் பிரித்துப் போடவே ஆள் போதவில்லை. ரெட்மைனோடு ஏஐயை இணைக்கலாமா?
– வாசகர், பணகுடி

இணைக்கலாம். அதற்காக ரெட்மைனை வெளியே திறந்துவிடவும் வேண்டாம். எம்சிபி சர்வர் உங்கள் அலுவலகக் கணினியிலேயே ஓடும். ரெட்மைன் இருக்கும் அதே லேனில் (அலுவலக உள்வலை) அது இருந்தால் போதும். ஒன்று மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்: டூல் திருப்பிக் கொடுக்கும் டிக்கெட் வாசகம், மாடல் ஓடும் இடத்துக்குப் போகத்தான் செய்யும். அது வெளியே உள்ள சேவை என்றால் தரவும் வெளியே போகிறது. காற்றாலை உரிமையாளரோடு உங்களுக்குள்ள ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். அனுமதிக்கவில்லை என்றால் ஒல்லாமா போன்றவற்றில் உள்ளூரிலேயே மாடலை ஓட்டலாம். டூல் அழைக்கத் தெரிந்த மாடலாக இருக்க வேண்டும். மாடல் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளும் வாசகத்தின் வரம்பான சூழல் அளவையும் கூட்டி வைக்க வேண்டும். ஒல்லாமாவின் பழைய பதிப்புகளில் அது இயல்பாக 2048 டோக்கன்தான் (இந்த டோக்கன் சாவி அல்ல; மாடல் வாசகத்தைப் பிரித்து எண்ணும் சிறு துண்டு). டூல் விளக்கங்களும் நாலைந்து டிக்கெட்டும் சேர்ந்தாலே அது நிரம்பிவிடும். நிரம்பினால் பிழைச் செய்தி வராது. ஆரம்பத்தில் சொன்னதை மாடல் மறந்து, வாய்க்கு வந்ததைச் சொல்லத் தொடங்கும்.

ரெட்மைனில் ரெஸ்ட் ஏபிஐ சேவை இயல்பாக அணைந்திருக்கும். நிர்வாகப் பக்கத்தில் செட்டிங்ஸ், அதில் ஏபிஐ தாவலில் அதை இயக்குங்கள். பிறகு ஏஐக்கென்று தனியாக ஒரு பயனரை உருவாக்கி, அந்தக் கணக்கில் உள்நுழைந்து 'மை அக்கவுன்ட்' பக்கத்தின் ஓரத்தில் உள்ள ஏபிஐ கீயை எடுங்கள். அட்மின் கீயைக் கொடுக்கவே கூடாது. ரெட்மைனில் அட்மின் கீ உள்ளவர் கோரிக்கையின் தலைப்பு வரியில் (ஹெடர்) ஒரு பெயரைச் சேர்த்து வேறு எந்தப் பயனரின் பெயரிலும் வேலை செய்ய முடியும். அப்புறம் எந்த மாற்றத்தை யார் செய்தார் என்று பதிவைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. அந்தப் பயனருக்கென்று புதிய ரோல் ஒன்றை ஏற்படுத்தி 'வியூ இஷ்யூஸ்', 'ஆட் நோட்ஸ்' இரண்டை மட்டும் கொடுங்கள். 'எடிட் இஷ்யூஸ்' வேண்டாம். ரெட்மைனில் குறிப்பெழுதும் உரிமையும் திருத்தும் உரிமையும் தனித்தனியாக இருப்பது நமக்கு மிகவும் வசதி.

டூல்கள் மூன்று போதும்: தேடு, ஒரு டிக்கெட்டை முழுதாகக் கொடு, குறிப்புப் போடு. எம்சிபியின் பைத்தான் எஸ்டிகே (ஆயத்த நிரல் தொகுப்பு) கொண்டு எழுதினால் சிறு கோப்பாகவே முடிந்துவிடும். நிரலைவிட அதிகக் கவனம் டூலின் விளக்க வரிகளுக்குத் தேவை, ஏனென்றால் மாடல் படிப்பது அதைத்தான். "டிக்கெட்டைத் தேடும்" என்று மட்டும் எழுதாமல், டர்பைன் எண் எந்த வடிவத்தில் இருக்கும், தேதி எந்த வரிசையில் கொடுக்க வேண்டும், எத்தனை முடிவு வரும், மிச்சம் இருந்தால் எப்படிக் கேட்பது என்றெல்லாம் எழுதுங்கள்.

இனி ரெட்மைனின் குணங்கள். பட்டியல் கேட்டால் திறந்த டிக்கெட்டுகள் மட்டும்தான் வரும். மூடியதும் வேண்டுமென்றால் ஸ்டேட்டஸ் ஐடி என்ற இடத்தில் நட்சத்திரக் குறி கொடுக்க வேண்டும். "போன வருஷம் இதே கியர்பாக்ஸில் என்ன செய்தோம்" என்ற கேள்விக்கு ஏஐ "முன்பு எதுவும் இல்லை" என்று பதில் சொன்னால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஒரு தடவைக்கு இயல்பாக 25, அதிகபட்சம் 100 தரும். டிக்கெட்டின் கீழுள்ள குறிப்புகள் தானாக வராது. 'ஜர்னல்ஸ்' சேர்த்துக் கேட்க வேண்டும். டர்பைன் எண்ணைக் கஸ்டம் ஃபீல்டாக (நீங்களே சேர்த்த புலம்) வைத்திருப்பீர்கள். அதற்கு 'வடிகட்டியாகப் பயன்படும்' என்ற தேர்வு டிக் ஆகியிருந்தால்தான் அதை வைத்துத் தேட முடியும்.

நேரம் கெட்டிக்காரர்களையும் ஏமாற்றும். ஏபிஐ கொடுக்கும் நேரம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் கூடுதல். நள்ளிரவுக்கும் காலை ஐந்தரைக்கும் இடையே வந்த டிக்கெட் ஏபிஐயில் முந்தின நாளின் தேதியோடு நிற்கும். காற்றுக் காலத்தில் இரவுப் புகார்தானே அதிகம்! "இன்று வந்தவை" என்று கேட்டால் அவையெல்லாம் விடுபட்டுப் போகும். டூல் தரும் நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றியே மாடலிடம் கொடுங்கள். இன்றைய தேதி என்ன என்பதையும் டூல் பதிலிலேயே சேர்த்துவிடுங்கள்.

பின்னாளில் நிலையை மாற்றும் உரிமையையும் கொடுத்தால் இதை நினைவில் வையுங்கள்: ஒர்க்ஃப்ளோ (எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போகலாம் என்ற விதி) அனுமதிக்காத மாற்றத்தை அனுப்பினால் ரெட்மைன் பிழை சொல்லாது. வெற்றி என்றே பதில் வரும், டிக்கெட் அப்படியே இருக்கும். "மூடிவிட்டேன்" என்று ஏஐ உறுதியாகச் சொல்லும், ஆனால் மூடியிருக்காது. எழுதியபின் மறுபடி படித்துப் பார்த்து, மாறியிருந்தால் மட்டும் வெற்றி என்று சொல்லும்படி டூலை எழுதுங்கள்.

வேலையைப் பிரித்துப் போடுவதில் ஏஐயின் பங்கு பரிந்துரையோடு நிற்கட்டும். வகை, அவசர நிலை, டர்பைன் எண், ஒத்த பழைய டிக்கெட் எண் ஆகியவற்றைக் குறிப்பாக எழுதட்டும். சூப்பர்வைசர் பார்த்து மாற்றட்டும். யார் டவரில் ஏறுவது, எப்போது லாக்-அவுட் (வேலைக்காக இயந்திரத்தை நிறுத்திப் பூட்டுவது) எடுப்பது என்பவை பரிந்துரையாகக்கூட அதனிடமிருந்து வர வேண்டாம். அங்கே ஒரு பிழை நேர்ந்தால் உயிர் போகும்.

அட்லாசியன் நிறுவனத்தின் இணைய டிராக்கரான ஜிரா கிளவுடில் "இந்த டிக்கெட்டை 'டன்' (முடிந்தது) நிலைக்கு மாற்று" என்றால் ஏஐ சில நேரம் செய்கிறது, சில நேரம் பிழை காட்டுகிறது. ஏன்?
– வாசகர், தென்காசி

ஜிராவில் நிலை என்பது நேரடியாக எழுதக்கூடிய புலம் அல்ல. இப்போதைய நிலையிலிருந்து எந்தெந்த வழி திறந்திருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். அதை டிரான்சிஷன் என்பார்கள். அதில் ஒன்றின் எண்ணை எடுத்து அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியல் டிக்கெட்டின் நிலைக்கு நிலை, பயனருக்குப் பயனர் மாறும். 'டூ டூ' (செய்ய வேண்டியது) நிலையிலிருந்து நேரே 'டன்' போக உங்கள் ஒர்க்ஃப்ளோவில் வழியே இல்லாமல் இருக்கலாம். வழி இருந்தும் 'ரெசல்யூஷன்' (எப்படி முடிந்தது) போன்ற கட்டாயப் புலத்தை அந்தத் திரை கேட்கலாம். எந்த நிலையிலிருந்து எது வழியாக எங்கே போகலாம் என்பதை நாலு வரியில் எழுதி ஏஐயின் நிரந்தரக் குறிப்பில் வைத்தால் பிழை வெகுவாகக் குறையும்.

சொந்தமாக எழுதிய இணைப்பி என்றால் இன்னும் இரண்டு இடம் பாருங்கள். ஏபிஐயின் 3ஆம் பதிப்பு விளக்கப் பகுதியைச் சாதாரண வாசகமாக வாங்காது, அட்லாசியனின் சொந்த ஆவண வடிவத்தில்தான் கேட்கும்; 2ஆம் பதிப்புக்கு வெறும் வாசகம் போதும். கிளவுடின் ஏபிஐயில் உள்ள புதிய தேடல் வசதி எந்தப் புலங்கள் வேண்டும் என்று சொல்லாவிட்டால் ஐடியை மட்டும் தரும், மொத்த எண்ணிக்கையையும் தராது. எத்தனை என்று மாடலிடம் கேட்டால் அது கண்ணில் பட்டதை எண்ணிச் சொல்லிவிடும். ஏபிஐ டோக்கனுக்கு இப்போது அதிகபட்சம் ஓராண்டுதான் ஆயுள். திடீரென்று ஒரு நாள் எல்லாமே நின்றால் முதலில் அதைப் பாருங்கள்.

வாடிக்கையாளர் நிரப்பும் படிவம் நேராக டிக்கெட்டாக மாறுகிறது. அதை ஏஐ படிப்பதில் ஆபத்து உண்டா? "டிக்கெட்டில் உள்ள கட்டளைக்குக் கீழ்ப்படியாதே" என்று சொல்லி வைத்தால் போதாதா?
– வாசகர், பாளையங்கோட்டை

ஆபத்து உண்டு, சொல்லி வைத்தால் போதாது. மாடலுக்கு உங்கள் கட்டளையும் வாசகம்தான், டிக்கெட்டில் வெளியாள் எழுதியதும் வாசகம்தான். இரண்டையும் பெரும்பாலும் பிரித்துப் பார்க்கும். எப்போதும் பிரித்துப் பார்க்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2025 மே மாதம் இன்வேரியன்ட் லேப்ஸ் ஆய்வாளர்கள் இதைக் கிட்ஹப்பிலேயே செய்து காட்டினார்கள். பொதுக் களஞ்சியத்தில் ஒரு இஷ்யூ; அதற்குள் ஏஐக்கான மறைமுகக் கட்டளை. உரிமையாளர் "திறந்த இஷ்யூக்களைப் பார்" என்று கேட்டதும் உதவியாளர் அதைப் படித்து, அதே சாவியால் தனியார் களஞ்சியத்துக்குள் போய், அங்கிருந்த விவரத்தைப் பொதுவெளியில் புல் ரிக்வெஸ்டாகப் போட்டுவிட்டது. எம்சிபி சர்வரின் நிரலில் பிழை இல்லை. ஒரே சாவி இரண்டு பக்கமும் திறந்ததுதான் காரணம்.

தண்ணீர் பாயக் கூடாத வயலுக்குக் கன்னடியன் கால்வாயின் மடையில் பலகை போடுவார்களே ஒழிய, வரப்பில் நின்றுகொண்டு தண்ணீரிடம் சொல்லிப் பார்க்க மாட்டார்கள். இங்கும் அடைக்க வேண்டிய இடம் சாவியின் அனுமதி. தனிப்பட்ட தரவு, வெளியாள் எழுதிய வாசகம், வெளியே அனுப்பும் வழி ஆகிய மூன்றும் ஒரே உரையாடலில் சேரக் கூடாது. மூன்றில் ஏதேனும் ஒன்றை எடுத்துவிட்டால் திருட்டுக்கு வழி அடைபடும். வாடிக்கையாளர் படிவத்தைப் படிக்கும் ஏஐக்கு அந்த ஒரு புராஜெக்ட் மட்டும் தெரியட்டும். மெயில், இணையத் தேடல், சோர்ஸ் கோடு எதுவும் அதே அமர்வில் இணைந்திருக்க வேண்டாம். எழுதும் டூலுக்கு ஒவ்வொரு தடவையும் அனுமதி கேட்கும்படி விடுங்கள். அலுத்துப்போய் 'எப்போதும் அனுமதி' என்ற பொத்தானை அழுத்துவதுதான் பல அலுவலகங்களில் நடக்கிறது. படிக்கும் டூலுக்கு அதை அழுத்தலாம், எழுதுவதற்குக் கூடாது.

திரையில் பார்த்தாலே தெரிந்துவிடும் என்றும் நம்ப வேண்டாம். இஷ்யூவில் எச்டிஎம்எல் குறிப்பாக எழுதிய வரி கிட்ஹப் பக்கத்தில் தெரியாது, ஏபிஐ வழியாக மாடலுக்குத் தெரியும். அவற்றை உங்கள் இணைப்பியிலேயே நீக்கிவிடுங்கள். ஏஐ எழுதும் பதிலில் வெளி முகவரியுள்ள படம் இருந்தால் அதையும் தடுங்கள். படத்தின் முகவரிக்குள் தரவை ஒட்டி வெளியே கடத்த முடியும்.

வாடிக்கையாளர் விவரம் தனி விஷயம். டிக்கெட்டுக்குள் கைபேசி எண், ஆதார், ஜிஎஸ்டி எண் எல்லாம் கிடக்கும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் இதை அசட்டையாக விட முடியாது. மாடலுக்குப் போகுமுன் 6 முதல் 9 வரையுள்ள இலக்கத்தில் தொடங்கும் பத்திலக்க எண், நாலு நாலாகப் பிரித்தும் பிரிக்காமலும் எழுதிய 12 இலக்க எண், 15 எழுத்து ஜிஎஸ்டி எண் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள். ஜிஎஸ்டி எண்ணின் 3 முதல் 12 வரையுள்ள எழுத்துகள் உரிமையாளரின் பான் எண்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மறைக்கும்போது ஒரே எண்ணுக்கு ஒரே மாற்றுப்பெயர் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆள் மூன்று தடவை புகார் கொடுத்தது ஏஐக்குத் தெரியாமல் போகும்.

எங்கள் ஆட்கள் சிலர் தமிழில் எழுதுகிறார்கள், சிலர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுகிறார்கள். ஒரே புகார் நாலு டிக்கெட்டாக நிற்கிறது. ஏஐயால் கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.
– வாசகர், மேலப்பாளையம்

மாடலுக்குப் படிக்கத் தெரியும், ஆனால் தேடிக் கொடுப்பது டிராக்கர். "பில் பிரிண்ட் ஆகல" என்று மாடல் தேடச் சொன்னால் டிராக்கர் அந்த எழுத்துகளைத்தான் தேடும். "பிரிண்டு வரல", "ரசீது அச்சாகவில்லை", ஆங்கில எழுத்தில் எழுதிய அதே வாக்கியம் எதுவும் அதன் வலையில் சிக்காது. சொல்லின் விகுதியைக் கழித்துத் தேடும் வசதியும் தமிழுக்கு அங்கே இருக்காது. ஆகவே தேடும் டூலின் விளக்கத்தில் "தமிழ், ஆங்கில எழுத்தில் தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் குறைந்தது ஒவ்வொரு தடவை தேடு, முழு வாக்கியம் வேண்டாம், இரண்டு சொல் போதும்" என்று எழுதுங்கள். இது ஒன்றே நிலைமையைப் பெருமளவு மாற்றும்.

யூனிகோட் சிக்கலும் உண்டு. 'கொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினித் தேடலுக்கு வேறு வேறு. 'போ' என்பதில் வரும் ஓகாரக் குறிக்கும் இதே சிக்கல். கொட்டேஷன், போன், ஸ்டோர் என்று நம் டிக்கெட்டுகளில் இந்தக் குறிகள் எங்கும் இருக்கின்றன. டிக்கெட்டைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற ஒருங்கிணைந்த யூனிகோட் வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். பைத்தானில் ஒரு வரி வேலை.

பழைய அச்சக, அலுவலகக் கோப்புகளிலிருந்து வெட்டி ஒட்டிய பாமினி, வானவில் எழுத்துரு வாசகம் வேறு வகை. எழுத்துரு இல்லாத இடத்தில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகவே நிற்கும். அதை மாடல் தமிழாக ஊகித்து "மொழிபெயர்த்து" காட்டும்; ஊகம் தவறினால் கண்டுபிடிப்பது கடினம். மாடலிடம் விடாமல் எழுத்துரு மாற்றி கொண்டு யூனிகோடாக்கிய பிறகு டிராக்கரில் ஏற்றுங்கள்.

இவற்றையெல்லாம் செய்தும் போதாது என்றால், ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அதன் பொருளைக் குறிக்கும் எம்பெடிங் எண்வரிசை எடுத்துச் சேமித்து, பொருள் நெருக்கத்தால் தேடலாம். பல மொழி தெரிந்த எம்பெடிங் மாடலாக இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில் இவை தடுமாறும். ஆகவே டிக்கெட் வந்ததும் ஏஐயைக் கொண்டு ஒரு வரித் தமிழ்ச் சுருக்கம் எழுத வைத்து, அந்தச் சுருக்கத்துக்கு எம்பெடிங் எடுப்பது நல்லது. இரட்டை டிக்கெட் என்று சந்தேகம் வந்தால் ஏஐ இணைப்பை மட்டும் காட்டட்டும். மூட விட வேண்டாம். ஒரே மாதிரிப் புகாரின் பின்னே இரண்டு வேறு பக் இருப்பது சாதாரணம்.

செலவு எதிர்பார்த்ததைவிட மளமளவென்று ஏறுகிறது. எங்கே கசிகிறது?
– வாசகர், சங்கரன்கோவில்

டூல் திருப்பிக் கொடுக்கும் ஜேசனில். கிட்ஹப் ஒரு இஷ்யூவுக்கு அனுப்பும் விவரத்தில் வெறும் இணைய முகவரிகளே நிறைய. அதை அப்படியே மாடலிடம் கொட்டினால் அத்தனைக்கும் காசு. எண், தலைப்பு, நிலை, லேபிள், தேதி, விளக்கத்தின் முதல் சில நூறு எழுத்து. பட்டியலுக்கு இது போதும். முழு விவரம் வேண்டிய டிக்கெட்டை மாடல் தனியாகக் கேட்டுக்கொள்ளும். ஒரு தடவை வந்த டூல் பதில் அந்த உரையாடல் முழுக்கக் கூடவே வரும். நீங்கள் அடுத்தடுத்துக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியோடும் அது மறுபடி மாடலுக்குப் போகிறது. வேலை மாறினால் புதிய உரையாடல் தொடங்குங்கள். பயன்படுத்தாத எம்சிபி சர்வர்களைக் கழற்றிவிடுங்கள். அவற்றின் டூல் விளக்கங்களும் பல செயலிகளில் ஒவ்வொரு கேள்வியோடும் போகின்றன.

தமிழ் வாசகம் கூடுதல் டோக்கன் எடுக்கும் என்பதும் உண்மை. 'பில்' என்பது கணினி எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 12 பைட், ஆங்கிலத்தில் எழுதினால் 4. டோக்கன் கணக்கு மாடலுக்கு மாடல் வேறுபடுவதால், உங்கள் டிக்கெட்டுகளில் இருபதை எடுத்து அந்தச் சேவையின் டோக்கன் எண்ணியில் போட்டுப் பாருங்கள். இதற்காக ஆட்களை ஆங்கிலத்தில் எழுதச் சொல்ல வேண்டாம். தெளிவில்லாத ஆங்கிலப் புகாரைப் புரிந்துகொள்ள ஆகும் நேரம் இதைவிடச் செலவு.

இறுதியாண்டுத் திட்டமாக இதை எடுத்திருக்கிறோம். ஏஐ சரியாகச் செய்கிறது என்பதை எப்படிக் காட்டுவது?
– மாணவர், அரசு பொறியியல் கல்லூரி, திருநெல்வேலி

ஏற்கெனவே மூடிய டிக்கெட் 100 எடுங்கள். முதலில் வந்த வாசகத்தை மட்டும் ஏஐக்குக் காட்டி, வகையையும் அவசர நிலையையும் சொல்லச் சொல்லுங்கள். பின்வந்த கமெண்ட்களும் இறுதி லேபிளும் அதன் கண்ணில் படக் கூடாது. பட்டால் விடையைப் பார்த்து எழுதிய பரீட்சைதான். மொத்தச் சரிவிகிதத்தை மட்டும் தராதீர்கள். 100இல் 80 'சாதாரணம்' என்றால், எல்லாவற்றையும் 'சாதாரணம்' என்று சொல்லும் நிரலே 80 மதிப்பெண் வாங்கிவிடும். அவசர டிக்கெட்டுகளில் எத்தனையைப் பிடித்தது, எத்தனையைத் தவறவிட்டது என்பதைத் தனியாகக் காட்டுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக லேபிள் போட்டு அவர்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகிறது என்றும் பாருங்கள். மனிதர்களே ஒத்துப்போகாத இடத்தில் ஏஐயைக் குறை சொல்வது நியாயமில்லை.

யாரும் கேட்காமலே, டிக்கெட் வந்ததும் தானாக ஏஐ படித்துக் குறிப்பெழுத வேண்டும். வெப்ஹுக் வைத்தோம். சில டிக்கெட் விடுபடுகிறது; ஒரு நாள் ஒரே டிக்கெட்டில் ஏஐ விடாமல் எழுதிக்கொண்டே போய்விட்டது.
– வாசகர், கடையநல்லூர்

வெப்ஹுக் என்பது டிராக்கரில் ஏதேனும் நடந்ததும் அது உங்கள் சர்வருக்குத் தானாக அனுப்பும் செய்தி. விடுபடுவதற்குக் காரணம் நேரம். கிட்ஹப் வெப்ஹுக்குக்கு 10 விநாடிக்குள் உங்கள் சர்வர் பதில் சொல்ல வேண்டும்; மாடல் யோசித்து முடிக்க அதைவிட அதிகமாகும். பதில் வராவிட்டால் தோல்வி என்று குறித்துக்கொள்ளும், தானாக மறுபடி அனுப்பாது. செய்தி வந்ததும் கையெழுத்தைச் சரிபார்த்து, வரிசையில் போட்டு, உடனே 202 (பெற்றுக்கொண்டேன்) என்ற பதிலைக் கொடுத்துவிடுங்கள். ஏஐ வேலை வரிசையிலிருந்து எடுத்து நிதானமாக நடக்கட்டும். கையெழுத்து என்பது ரகசியச் சொல்லைக் கொண்டு ஷா-256 முறையில் கிட்ஹப் போடும் முத்திரை. சரிபார்க்காவிட்டால் முகவரி தெரிந்த எவரும் போலி டிக்கெட் அனுப்பலாம். ஒவ்வொரு செய்திக்கும் தனி டெலிவரி எண் வரும். அதைச் சேமித்து, அதே எண் மறுபடி வந்தால் விட்டுவிடுங்கள். மின்சாரமோ இணையமோ போன நேரத்துக்காக, மணிக்கொரு தடவை "குறிப்பில்லாத புதிய டிக்கெட்" என்று தேடி அள்ளும் சிறு வேலையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

விடாமல் எழுதியது சுழற்சி. ஏஐ போட்ட கமெண்டும் ஒரு நிகழ்வுதான். அது வெப்ஹுக்கைத் தட்டும், ஏஐ மறுபடி எழுதும். வெப்ஹுக்குக்குப் பதில் கிட்ஹப்பின் தானியங்கி வேலை வசதியான கிட்ஹப் ஆக்ஷன்ஸில் இதை ஓட்டினால், அங்கே இயல்பாகக் கிடைக்கும் டோக்கனால் எழுதும் நிகழ்வு அங்கே புதிய ஓட்டத்தைத் தொடங்காது. தனி ஆளின் டோக்கனால் எழுதினால் தொடங்கும். எழுதியவர் ஏஐயின் கணக்கு என்றால் செய்தியை ஆரம்பத்திலேயே தள்ளிவிடுங்கள். டிக்கெட் திறந்த நிகழ்வுக்கு மட்டும் பதிவு செய்யுங்கள், எல்லாக் கமெண்டுக்கும் வேண்டாம். ஒரு டிக்கெட்டில் ஏஐயின் குறிப்பு ஒன்றுக்கு மேல் கூடாது என்ற எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை நிரலில் வையுங்கள். புதிதாகச் சொல்ல இருந்தால் பழைய குறிப்பையே திருத்தட்டும். குறிப்பின் முதல் வரியில் இது ஏஐ எழுதியது என்றும், எந்தப் பழைய டிக்கெட்டைப் பார்த்து எழுதியது என்றும் இருக்க வேண்டும். அந்த எண்ணைச் சொடுக்கிப் பார்த்து ஒத்துப்போகவில்லை என்றால் குறிப்பை அழிக்கும் உரிமை டிக்கெட்டைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் இருக்கட்டும்.